குற்றம் எங்கே முளைக்கிறது?

(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் மடுவில் நிகழ்த்திய உரை)



ஆண்டு விழா மேடையிலே சமயத்தைப் பற்றியும் தமிழைப் பற்றியும் பேசுவது வழக்கம். இம்முறை குற்றத்தைப் பற்றிப் பேசுமாறு நம்மைப் பணித்திருக்கிறார்கள். நல்ல நாளிலே இதென்ன பேச்சு என்று சிலர் எண்ணக்கூடும். ஆனால், நோயின் பெயரைச் சொல்லக் கூசுகிறவன் வைத்தியம் செய்ய முடியாது. மன்னார்க் கரையிலும், மடுவைப் போன்ற உட்புறக் கிராமங்களிலும் பிள்ளை வளர்க்கும் பெற்றோர் இன்று எதற்கு அஞ்சுகிறார்கள் என்பது இங்கே கூடியிருக்கும் எல்லோருக்கும் தெரியும். கடல் வழியே வருகின்ற கஞ்சாவும், 'ஐஸ்' என்று பெயர் சூட்டப்பட்ட நஞ்சும் பத்திரிகைச் செய்தியாக மட்டும் நின்றுவிடவில்லை. அவற்றைச் சுமப்பவர்களும், காவல் நிற்பவர்களும், அகப்பட்டுக்கொள்பவர்களும் பெரும்பாலும் வாலிபர்களாகவே இருக்கிறார்கள்.

இப்படியொரு பையன் பிடிபட்டால் ஊரிலே என்ன சொல்கிறோம்? "அவன் பிறவிக்குணம் அது" என்கிறோம், "தலையெழுத்து" என்கிறோம், "வளர்ப்புச் சரியில்லை" என்கிறோம். அத்துடன் விசாரணை முடிந்துவிடுகிறது. நாம் இப்படிச் சொல்வதில் வியப்பில்லை. இத்தாலிய தேசத்து வைத்தியர் சீசர் லொம்புறோசோ 1876ஆம் ஆண்டு வெளியிட்ட நூலிலே, தாடை எலும்பையும் மண்டையோட்டையும் அளந்து பார்த்து, குற்றவாளி பிறக்கும்போதே குற்றவாளியாகப் பிறக்கிறான் என்றே எழுதினார். பின்வந்த ஆராய்ச்சி அந்தக் கொள்கையைத் தள்ளிவிட்டது. ஆயினும், அறிஞர்கள் கைவிட்ட அந்தக் கொள்கை நமது திண்ணைகளிலே இன்னும் சௌக்கியமாகக் குடியிருக்கிறது.

அதற்குப் பதிலாகச் சமூகவியல் அறிஞர்கள் கண்டுரைத்தவை யாவை, அவை நமது கரைக்கு எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதே இன்றைய பேச்சு.

முதலாவதாக, குற்றம் என்பது யாது? பிரான்சு தேசத்து அறிஞர் எமில் டர்க்கைம், குற்றமே இல்லாத சமுதாயம் எங்கும் இல்லை என்றார். ஒரு செயலைச் சமுதாயம் கண்டிப்பதனாலேயே அது குற்றமாகிறது என்பது அவர் கருத்து. இதனை விளக்கப் பாரிசுக்குப் போக வேண்டியதில்லை; நமது அடுக்களைக்குப் போனாற் போதும். 2019ஆம் ஆண்டு டிசம்பரில் மஞ்சள் இறக்குமதியை அரசாங்கம் தடைசெய்தது. அந்நியச் செலாவணியைச் சேமிப்பதும், உள்ளூர் விவசாயிக்கு ஊக்கம் அளிப்பதும் நோக்கம். நோக்கம் நல்லதே. ஆனால் உள்ளூர் விளைச்சல் நாட்டின் தேவைக்குப் போதவில்லை. அடுத்த ஆண்டே கொரோனா நோய் பரவியபோது, வாசலிலே மஞ்சள் நீர் தெளித்தவர்களால் தேவை இன்னும் ஏறிற்று. கிலோ சில நூறு ரூபாவுக்கு விற்ற மஞ்சள் சில ஆயிரமாகியது. என்ன நிகழ்ந்தது? தமிழ்நாட்டுக் கரையிலிருந்து மூட்டை மூட்டையாக மஞ்சள் மன்னாருக்கும் புத்தளத்துக்கும் களவாக வரலாயிற்று. கடற்படையினர் மீண்டும் மீண்டும் அவற்றைப் பிடித்தனர்.

பூசைத் தட்டிலே வைப்பதும், தாலிக்கயிற்றிலே தோய்ப்பதும், பொங்கற் பானையிலே கட்டுவதுமான மங்கலப் பொருள் ஓர் இரவுக்குள் கடத்தற் பொருளாகிவிட்டது. மஞ்சள் மாறவில்லை, அதை ஏற்றிவந்த கையும் அன்று புதிதாக முளைக்கவில்லை, சட்டத்தின் கோடு இடம் மாறியது. அமெரிக்க அறிஞர் ஹவார்ட் பெக்கர் 1963ஆம் ஆண்டு எழுதிய நூலிலே வற்புறுத்தியது இதுவே. விதியை உண்டாக்கி, அதை மீறுவோருக்கு வெளியார் என்று பெயரிடுவதன் மூலம் சமுதாயமே பிறழ்வை உண்டாக்குகிறது என்றார் அவர்.

நிற்க. மஞ்சளுக்கும் ஐசுக்கும் வேற்றுமை இல்லை என்று யாரும் இதனால் விளங்கிக்கொள்ளலாகாது. மஞ்சள் கறிக்கு நிறம் கொடுக்கும். ஐஸ் குடும்பத்தையே கருக்கிவிடும். ஆனால் மஞ்சள் கொண்டுவரத் திறந்த பாதையிலே வேறு சரக்குப் போவதற்குத் தடையில்லை. தோணியும் அதுவே, துறையும் அதுவே, இருட்டும் அதுவே. சிறு மீறலைப் பழக்கமாக்கிய பாதை பெரிய மீறலுக்குத் தயாராக நிற்கிறது என்பதை மூத்தவர்கள் மனத்திற் கொள்ள வேண்டும்.

இரண்டாவது கேள்வி: ஏன் ஒருவன் அந்தப் பாதையிற் கால் வைக்கிறான்? இதற்கு ரொபர்ட் மேர்ட்டன் என்ற அமெரிக்க அறிஞர் 1938இல் ஒரு விடை சொன்னார். சமுதாயம் தன் பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரே ஆசையைக் காட்டுகிறது: வீடு கட்டு, வாகனம் வாங்கு, நாலுபேர் மதிக்க வாழ். ஆனால் அந்த ஆசையை அடையும் நேரான வழியை எல்லோருக்கும் திறந்து வைப்பதில்லை. இந்த இரண்டுக்கும் இடையிலான இழுபறியிலே மனிதர் ஐந்து வகையாக நடக்கிறார்கள் என்றார். சிலர் பொறுமையாக நேர்வழியிலேயே போகிறார்கள். சிலர் ஆசையைக் கைவிட்டு, கடமையை மட்டும் இயந்திரம்போற் செய்கிறார்கள். சிலர் இரண்டையும் கைவிட்டு மதுவிலும் போதையிலும் ஒதுங்குகிறார்கள். சிலர் இந்த அமைப்பையே மாற்றப் புறப்படுகிறார்கள். இன்னும் சிலர் ஆசையை விடாமல் வழியை மாத்திரம் மாற்றிக்கொள்கிறார்கள். இந்தக் கடைசிக் கூட்டத்திலேதான் கடத்தற்காரனைக் காண்கிறோம்.

நமது கரையின் சரித்திரத்தை இக்கண் கொண்டு பாருங்கள். 1914ஆம் ஆண்டு முதல் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கப்பல் ஓடியது. மடு வீதிப் புகையிரத நிலையம் அந்தப் பெருவழியிலே ஒரு தரிப்பு. கடலின் இருபுறத்து மக்களும் சீட்டு வாங்கிக்கொண்டு போய்வந்தார்கள். 1964 டிசம்பர்ப் புயலிலே தனுஷ்கோடி அழிந்தது. பின்னர் இராமேஸ்வரத்திலிருந்து ஓடிய கப்பலும் 1980களில், போர் சூழ்ந்த காலத்திலே, நின்றுபோயிற்று. 1974லும் 1976லும் கடலின் நடுவே இரு அரசுகளும் எல்லைக்கோடு வகுத்தன. பின்பு போர்க்காலத்து மீன்பிடித் தடைகள் வந்தன. போர் 2009இல் முடிந்தபின், அக்கரையிலிருந்து வரும் இழுவைப் படகுகள் கடலடியை வாரி, நமது மீனவரின் வலைகளை அறுத்துச் செல்வது பெரும் வழக்காயிற்று. நமது நாடு இழுவைமடித் தொழிலை 2017இல் சட்டத்தினால் தடுத்தும் அந்தத் துன்பம் தீரவில்லை. இரவு முழுவதும் கடலிற் கிடந்து, எரிபொருட் செலவுக்கும் காணாத மீனோடு கரையேறுகிற வாலிபனிடம், ஒரே இரவில் ஒரு மாத உழைப்பைத் தருகிறோம் என்று ஒருவன் வந்து சொல்கிறான். அந்தப் பேச்சு எங்கே ஒலிக்கிறது என்று பாருங்கள்: நேரான வழி குறுகிய இடத்திலே ஒலிக்கிறது.

ஆனால் ஒரு சந்தேகம் எழுகிறது. வறுமைதான் காரணமென்றால், ஏழைகள் எல்லோரும் அல்லவா திருடராக வேண்டும்? வெறுங் கடலிலிருந்து திரும்புகிற நூறு பேரிலே மிகப் பெரும்பாலோர் அடுத்த நாளும் வலையைத்தான் எடுத்துக்கொண்டு போகிறார்கள். மேர்ட்டனின் விடை பாதி விடை. மறு பாதியை எட்வின் சதர்லாந்து என்பவர் சொன்னார். குற்றநடத்தை இரத்தத்திலே வருவதன்று. அது நெருங்கிப் பழகுகிறவர்களிடமிருந்து கற்றுக்கொள்ளப்படுவது என்பது அவர் 1939இல் வெளியிட்டு, 1947இல் விரிவாக்கிய கொள்கை. கற்பது இரண்டு: செய்யும் நுட்பம் ஒன்று, செய்வதற்குச் சொல்லிக்கொள்ளும் நியாயம் மற்றொன்று. சட்டத்தை மதிக்கும் பேச்சைவிட மீறுவதை மெச்சும் பேச்சு ஒருவன் காதிலே அதிகமாக விழுமானால், அவன் மீறுகிறான்.

பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும் என்று நமது பாட்டிமார் சொன்னதன் மறுபக்கம் இது. வள்ளுவர் 'சிற்றினஞ் சேராமை' என்று ஓர் அதிகாரமே வகுத்து, அதற்கு முன்னே 'பெரியாரைத் துணைக்கோடல்' என்பதை வைத்தார். தீயோரை விலக்கு என்று சொல்வதற்கு முன்பே நல்லோரைச் சேர்த்துக்கொள் என்கிறார். நாம் பிள்ளைகளிடம் விலக்கச் சொல்கிறோம். சேர்வதற்கு ஓர் இடம் காட்டினோமா?

நியாயம் சொல்லிக்கொள்வது பற்றி சைக்ஸ், மட்சா என்ற இருவர் 1957இல் எழுதினார்கள். தவறு செய்கிறவன் தவறென்று அறியாமற் செய்வதில்லை. அறிந்துகொண்டே மனச்சாட்சியை உறங்கவைக்கச் சில வார்த்தைகளைப் பழகிக்கொள்கிறான். "நான் என்ன செய்ய, நிலைமை அப்படி." "இதனால் யாருக்கு என்ன நட்டம்?" "அவனுக்கு இது வேண்டும்." "பெரிய இடத்துக்காரர் செய்யாததையா செய்தேன்?" "குடும்பத்துக்காகத்தானே செய்தேன்." இந்த ஐந்து வாக்கியங்களையும் நமது சந்தியிலே ஒரு மாலைப்பொழுதிற் கேட்டுவிடலாம். கடைசி வாக்கியத்துக்கு நமது முன்னோர் எப்போதோ மறுமொழி சொல்லிவிட்டார்கள். வால்மீகி முனிவர் முன்னே வழிப்பறிக்காரராக இருந்தார் என்றொரு கதை உண்டு. நாரதர் அவரிடம், உன் பாவத்தில் உன் மனைவி மக்கள் பங்கு கொள்வார்களா என்று கேட்டு வா என்றார். கொண்டுவந்ததை உண்டவர்கள் பாவத்திலே பங்கு வேண்டாம் என்றார்கள். அந்தப் பதிலிலே திருடன் மறைந்து முனிவன் பிறந்தான். நமது வீடுகளிலும் திடீரென்று வந்த பணத்தைப் பார்த்து, இது எங்கிருந்து வந்தது என்று கேட்கும் தாயொருத்தி இருந்தாற் போதும். பாதி வழக்கு நீதிமன்றத்துக்குப் போகாது.

இடத்தின் வலிமையையும் மறக்கலாகாது. சிக்காகோ நகரிலே கிளிபோர்ட் ஷோ, ஹென்றி மக்கே என்ற இரு அறிஞர்கள், சிறுவர் குற்றங்கள் எங்கெங்கே நிகழ்கின்றன என்று படத்திலே குறித்துப் பார்த்தார்கள். 1942இல் வெளிவந்த அவர்கள் நூல் சொல்வது இது: சில பகுதிகளில் ஓரினத்தார் வெளியேறி வேறினத்தார் குடியேறிய பின்னும், அந்தப் பகுதிகளில் குற்றம் குறையவில்லை, வெளியேறியவர்கள் நல்ல பகுதிகளுக்குச் சென்றபின் அவர்களிடையே குற்றம் குறைந்தது. அப்படியானால் குற்றம் இனத்தின் குணமன்று. உறவும் அமைப்பும் சிதைந்த இடத்தின் குணம். "இன்ன சாதியார் இப்படித்தான், இன்ன ஊரார் அப்படித்தான்" என்று பேசுவோருக்கு இதைவிட நல்ல பதில் வேண்டியதில்லை.

அந்தப் பேச்சு எவ்வளவு கொடியது என்பதைத் தமிழர் சரித்திரமே காட்டும். ஆங்கிலேய ஆட்சியாளர் இந்தியாவில் 1871ஆம் ஆண்டு குற்றப் பரம்பரைச் சட்டம் என்ற ஒன்றை இயற்றினர். 1911ஆம் ஆண்டுச் சட்டத்தினால் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. சில சமூகத்தார் பிறப்பினாலேயே குற்றவாளிகள் என்று பதியப்பட்டனர். கைரேகை வைக்க வேண்டும். இரவிலே காவலர் கண்ணெதிரே படுக்க வேண்டும். அனுமதிச் சீட்டில்லாமல் ஊர்விட்டு ஊர் போகலாகாது. எதைச் செய்தான் என்ற கேள்வியில்லை. யாருக்குப் பிறந்தான் என்பதே கேள்வி. 1920 ஏப்ரல் 3ஆம் நாள் உசிலம்பட்டியை அடுத்த பெருங்காமநல்லூரிலே, ரேகை வைக்க மறுத்துத் திரண்ட பிறமலைக் கள்ளர் சமூகத்து மக்கள் மீது பொலிசார் சுட்டனர், பலர் மாண்டனர். மக்கள் 'ரோசாப்பூ துரை' என்று அன்போடு அழைத்த வழக்கறிஞர் ஜோர்ஜ் ஜோசப்பும், பின்னர் முத்துராமலிங்கத் தேவர், ஜீவானந்தம் முதலியோரும் இச்சட்டத்தை எதிர்த்தனர். சென்னை மாகாணத்தில் 1947லும், இந்தியா முழுவதும் 1952லும் அது ஒழிந்தது. பிறப்பிலே குற்றவாளிகள் என்று எழுதப்பட்டவர்களின் பிள்ளைகள் பின்னர் ஆசிரியர்களாகவும் அதிகாரிகளாகவும் விளங்கினர். இரத்தம் அதே இரத்தம். பட்டம் போயிற்று, பள்ளிக்கூடம் வந்தது.

அக்கரைக் கதை என்று இதைத் தள்ளிவிட வேண்டாம். இக்கரையிலும் ஒரு சொல் இருந்தது: 'கள்ளத்தோணி'. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தென்னிந்தியத் தொழிலாளர் இந்த மன்னார்க் கரையிலே இறங்கி, காடு வழியே மாத்தளை நோக்கி நடந்தார்கள். நோயிலும் பசியிலும் வழியிலே வீழ்ந்தவர் பலர். அவர்கள் உழைப்பிலே கோப்பியும் தேயிலையும் செழித்தன. 1948ஆம் ஆண்டு 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அந்த மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கிற்று. அதன்பின், இங்கேயே பிறந்து இங்கேயே உழைத்தவர்களையும் கள்ளத்தோணி என்று அழைக்கும் வழக்கம் பரவியது. சொல்ல வெட்கமாயினும் சொல்ல வேண்டும்: அந்தச் சொல்லைத் தமிழர் நாவும் கூசாமற் சொன்னது. 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை எஞ்சியோரின் குடியுரிமை தீரவில்லை. எந்தத் தோணியிலும் களவாக ஏறாத ஒருவன், மற்றவர் வாயிலே கள்ளனாக அரை நூற்றாண்டு வாழ்ந்தான்.

இத்தகைய பட்டம் மனிதனை என்ன செய்கிறது என்பதை எட்வின் லெமேர்ட் 1951இல் ஆராய்ந்தார். முதல் தவறு பலரும் செய்வது, தற்செயலானது. அதற்குப் பின் ஊரார் கொடுக்கும் பெயரை ஏற்று, அந்தப் பெயருக்குத் தக்கபடி வாழத் தொடங்குவது இரண்டாவது பிறழ்வு. அதுவே நிலைத்து நிற்கிறது. பதினேழு வயதிலே ஒருமுறை அகப்பட்டவனுக்கு வேலை கொடுக்கிறவர் இல்லை, பெண் கொடுக்கிறவர் இல்லை, திருவிழாவிலே காவடிக்கும் அவனைச் சேர்ப்பதில்லை என்றால், அவனைச் சேர்த்துக்கொள்ள யார் மிஞ்சுகிறார்கள்? யாரிடமிருந்து அவனைப் பிரிக்க விரும்பினோமோ, அவர்கள் மாத்திரமே.

கடைசியாக ஒரு கொள்கை. ட்ராவிஸ் ஹேர்ஷி 1969இல் கேள்வியையே திருப்பிப் போட்டார்: ஏன் தவறுகிறார்கள் என்று கேட்பதை விடுங்கள், பெரும்பாலோர் ஏன் தவறாமல் இருக்கிறார்கள் என்று கேளுங்கள் என்றார். வள்ளத்தைத் துறையிலே கயிறு பிடித்து வைத்திருப்பதுபோல், மனிதனை நான்கு கயிறுகள் பிடித்திருக்கின்றன. தாய் தந்தை, ஆசிரியர் மீதுள்ள பாசம் ஒன்று. இழக்க விரும்பாத படிப்பு, தொழில், நற்பெயர் இரண்டாவது. பொழுதை நிரப்பும் நல்ல வேலை மூன்றாவது. சட்டமும் அறமும் நியாயமானவை என்ற நம்பிக்கை நான்காவது. கயிறு அறுந்தால் வள்ளம் போவதற்குத் தனியே காரணம் வேண்டுமா? நீரோட்டம் போதும்.

மடுவுக்கு இந்தக் கயிறுகளின் அருமை தெரியும். 1990களிலே மடுத் திருப்பதியின் வளவிலே பல்லாயிரம் மக்கள் கொட்டில் போட்டு அடைக்கலம் புகுந்திருந்தார்கள். 1999 நவம்பரிலே அங்கே எறிகணை வீழ்ந்து பலர் இறந்தனர். 2008இலே மீண்டும் இடப்பெயர்வு. பள்ளிக்கூடம் போயிற்று, வயல் போயிற்று, அயல் போயிற்று, பல வீடுகளிலே தந்தை போனார். ஒரு தலைமுறையின் கயிறுகளை அரிவாள் கொண்டு அறுத்ததுபோலாயிற்று. இருந்தும் அந்தத் தலைமுறையிலே மிகப் பெரும்பாலோர் மானத்தோடு மீண்டு, காடு வெட்டி, குளம் திருத்தி, பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள் என்றால், மிஞ்சிய ஒன்றிரண்டு கயிறுகளை யாரோ விடாமற் பிடித்திருந்தார்கள் என்பதே பொருள். ஒரு பாட்டியாக இருக்கலாம்; கொட்டிலுக்குள் மரத்தடியிலே பாடம் நடத்திய ஓர் ஆசிரியராக இருக்கலாம்.

இதையெல்லாம் கேட்டு ஒரு பெரியவர், "அப்படியானால் குற்றவாளிமேல் குற்றமே இல்லையா?" என்று கேட்கலாம். குற்றம் உண்டு. பத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு நஞ்சு விற்றவன் அதற்குப் பொறுப்பாளி. இரண்டு கிராம் ஹெரோயினுக்கும், 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி ஐந்து கிராம் ஐசுக்கும் மரண தண்டனையோ ஆயுட்சிறையோ நமது சட்டத்திலே எழுதப்பட்டிருக்கிறது. இளைஞர்கள் அதை அறிந்திருக்க வேண்டும். ஆனால் தண்டனை மரத்தை வெட்டும், மண்ணை மாற்றாது. ஒருவனை உள்ளே அனுப்பிய துறையிலேயே அடுத்தவன் வந்து நிற்கிறான். மண் நமது பொறுப்பு.

சட்டமும் இதை அறியாமல் இல்லை. நன்னடத்தைக் கட்டளைச் சட்டம் 1944லிலும், சமுதாயஞ்சார் சீர்திருத்தச் சட்டம் 1999லிலும் இயற்றப்பட்டன. சிறைக்கு வெளியே திருத்த வழி வகுத்தன. 2018ஆம் ஆண்டுத் திருத்தம் பன்னிரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளையின் செயலைக் குற்றமாகக் கொள்வதில்லை. ஆனால் நீதவான் ஊருக்குத் திருப்பி அனுப்பும் பையனை ஏற்க ஊர் தயாராக இல்லையென்றால், அந்தச் சட்டங்கள் காகிதமே.

அவுஸ்திரேலிய அறிஞர் ஜோன் பிரெய்த்வெயிட் 1989இல் கூறியது இங்கே நமக்குத் துணை. வெட்கப்படுத்துவது இரண்டு வகை. ஆளையே இழிவுபடுத்தித் துரத்துவது ஒன்று. அது குற்றத்தை வளர்க்கும். செயலைக் கண்டித்து, ஆளைத் திருப்பிச் சேர்த்துக்கொள்வது மற்றொன்று. அது குற்றத்தைக் குறைக்கும். மணிமேகலைக் காப்பியத்திலே சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கிய காதை ஒன்றுண்டு. சோழ மன்னனிடம் மணிமேகலை கேட்ட வரம் அதுவே. சிறையை அறச்சாலையாக்கும் அதிகாரம் நம்மிடம் இல்லை. சிறையிலிருந்து வருபவனுக்கு ஊரைச் சிறையாக்காமல் இருக்கும் அதிகாரம் நம்மிடம் உண்டு.

சிக்காகோவிலே ஷோ ஆராய்ச்சியோடு நிற்கவில்லை. 1930களில் அவர் தொடங்கிய திட்டத்திலே, வெளியிலிருந்து உபதேசிகளை இறக்காமல், அந்தந்தப் பகுதி மக்களையே குழுக்களாக்கி, விளையாட்டும் தொழிலும் பொழுதுபோக்கும் நடத்தும் பொறுப்பை அவர்களிடமே விட்டார். நமது சங்கம் செய்யக்கூடியதும் அதுதான். பந்து விளையாடும் வெளியும், மாலையிலே விளக்கெரியும் வாசிகசாலையும் வெறும் பொழுதுபோக்கல்ல, சேர்வதற்குரிய இடம். சாதாரண தரத்திலே தவறிய மாணவனை மறுமுறை எழுத வைக்கும் வகுப்பு, அவனுக்கு இழக்கத் தக்க ஒரு பொருளைக் கொடுக்கிறது. மறியலிலிருந்து வந்தவன் வீட்டுக்கு அங்கத்தவர் இருவர் போய், "வருகிற சிரமதானத்துக்கு வாடா தம்பி" என்று அழைப்பது, லெமேர்ட் சொன்ன இரண்டாவது பிறழ்வின் வாசலை அடைக்கிறது. அந்த அழைப்பைக் கேட்டு முகம் சுளிக்காமல் இருப்பது பெரியவர்களின் பங்கு. இதில் அயலிலுள்ள கத்தோலிக்க இளைஞரையும் முஸ்லிம் இளைஞரையும் கூட்டிக்கொள்ள வேண்டும். கடத்தற்காரன் ஆள் தேடும்போது சமயம் பார்ப்பதில்லை.

இளைஞர்களே, உங்கள் நண்பரிலே ஒருவன் கையிலே புதுப் பணம் புரளக் கண்டால், அவனை விட்டு ஓடிவிடாதீர்கள். அவன் பணத்திலே தேநீரும் குடிக்காதீர்கள். கூட இருந்து கேளுங்கள். பெரியோர்களே, தவறிய பையனின் பெயரைச் சொல்லும்போது, அதற்கு முன்னே நீங்கள் சேர்க்கும் அடைமொழியை ஒருகணம் நிறுத்திப் பாருங்கள். அவனைப் பெற்றவள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அந்தப் பெயரால் அவனை அழையுங்கள்.